பனிக்காலத்தில் வேர் அழுகிய ஜேட் செடியைக் காப்பாற்றும் முறை

மார்ச் கடைசியில், ரொறன்ரோ வெயில் யன்னலுக்குள் நன்றாக விழத் தொடங்கியபோதுதான் எங்கள் வீட்டு ஜேட் செடியை உற்றுப் பார்த்தேன். இலைகள் சுருங்கிக் கிடந்தன. அடியில் இரண்டு மூன்று மஞ்சளாகியிருந்தன. தாகம் என்று நினைத்து ஒரு ரம்ளர் தண்ணீர் ஊற்றினேன். நாலாம் நாள், ஏழு வருடம் வளர்த்த செடி அடித்தண்டோடு சரிந்து சாடியின் விளிம்பில் சாய்ந்திருந்தது. மண்ணைக் கிளறினேன். பூங்கொத்து வைத்து மறந்துபோன தண்ணீரின் மணம் வந்தது.

அதற்குப் பிறகு என் செடிகளையும், தெரிந்தவர்கள் கொண்டுவந்து தந்த செடிகளையும் பலமுறை வெட்டி, காயவிட்டு, திரும்ப நட்டிருக்கிறேன். முதல்முறையாக இந்த வேலையில் இறங்குபவருக்காக இதை எழுதுகிறேன். கையால் செய்யும் வேலை ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். மிச்சமெல்லாம் காத்திருப்பு. பெரும்பாலான செடிகள் போவது அந்தக் காத்திருப்பில் பொறுமை இழந்து தண்ணீர் ஊற்றுவதால்தான்.

பனிக்காலத்தில் செடிக்குள் நடப்பது

ஜேட், தென்னாபிரிக்காவின் கிழக்குக் கேப், குவாசுலு-நட்டால் பகுதிகளிலும் மொசாம்பிக்கிலும் கற்கள் நிறைந்த சரிவுகளில் தானாக வளரும் செடி. தாவரவியலில் கிராசுலா ஒவாட்டா என்பார்கள். தடித்த இலையும் தண்டும்தான் அதன் தண்ணீர்த் தொட்டி. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறக்கும். இது இரவில் திறந்து கரியமில வாயுவை எடுத்து, அமிலமாக மாற்றி வைத்துக்கொண்டு, பகலில் துளைகளை மூடியபடியே உணவு தயாரிக்கும். வெயில் நேரத்தில் ஆவியாகும் தண்ணீர் இதனால் மிகக் குறைவு. நல்ல கோடையிலேயே கொஞ்சமாகக் குடிக்கும் செடி இது.

ரொறன்ரோவில் ஜூன் மாதம் பகல் 15 மணித்தியாலத்துக்கும் மேல் நீளும். டிசம்பர் கடைசியில் 9 மணித்தியாலம்கூட இல்லை. அந்த வெளிச்சமும் சாய்ந்து, முகிலுக்குள்ளாலும் இரட்டைக் கண்ணாடிக்குள்ளாலும் வருகிறது. வெளிச்சம் குறைந்தால் செடி சமைப்பது குறையும், குடிப்பதும் குறையும். நாமோ ஜூலையில் ஊற்றிய அளவையே ஜனவரியிலும் ஊற்றுகிறோம். எங்கள் வீட்டில் இன்னொரு காரணமும் இருந்தது. பல தமிழ் வீடுகளைப் போல நாங்களும் குளிர் வந்ததும் கறிவேப்பிலைச் சாடியை உள்ளே எடுத்து, ஜேட் இருந்த அதே யன்னலில் வைப்போம். அம்மா கறிவேப்பிலைக்கு ஊற்றும்போது கையோடு இதற்கும் ஊற்றிவிடுவா.

பெயரும் குழப்பும். இங்கே சீனக் கடைகளில் காசு எடுக்கும் மேசைக்குப் பக்கத்தில் ஜேட் செடி இருப்பதைக் கண்டிருப்பீர்கள். செல்வம் சேர்க்கும் என்ற நம்பிக்கையில் வைப்பதால் ஆங்கிலத்தில் இதையும் மணி பிளான்ற் என்பார்கள். நாம் ஊரில் மணி பிளான்ற் என்று சொல்வது போத்தலுக்குள் தண்ணீரிலேயே வளரும் கொடியை. அந்த நினைப்போடு ஜேட்டைப் பார்க்கக்கூடாது.

வேருக்கும் மூச்சு வேண்டும். மண்துகள்களுக்கு இடையில் உள்ள காற்றிலிருந்துதான் அது ஒட்சிசனை எடுக்கிறது. அந்த இடைவெளிகளில் வாரக்கணக்காகத் தண்ணீர் நின்றால் முதலில் நுண்வேர்கள் மூச்சுத் திணறிச் சாகும். செத்த வேரில் பிதியம், பைட்டோப்தோரா, பியூசேரியம் போன்ற கிருமிகள் புகுந்து உயிருள்ள வேருக்கும், அங்கிருந்து தண்டுக்கும் ஏறும். உறிஞ்ச வேர் இல்லாததால் ஈரமண்ணில் நின்றபடியே இலை சுருங்கும். நான் தாகம் என்று நினைத்தது அதைத்தான்.

தாகமா, அழுகலா?

தண்ணீர்க் குறைவால் வாடிய ஜேட்டின் இலை மெலிந்து, தோல் சுருங்கியிருக்கும். ஆனாலும் நிறம் பச்சைதான், தொட்டால் தோல்போல உறுதியாக இருக்கும். மண் அடிவரை காய்ந்து சாடி இலேசாக இருக்கும். தண்ணீர் ஊற்றினால் சில நாட்களில் இலை திரும்பப் பருக்கும்.

வேர் அழுகியதில் இலை மஞ்சளாகி, கண்ணாடிபோல ஊடுதெரிந்து, அழுத்தினால் கூழாகும். சும்மா விரல் பட்டாலே உதிரும். சாடியைத் தூக்கினால் பாரமாக இருக்கும். மண்ணுக்கு மேல் சின்னக் கறுப்பு ஈக்கள் பறந்தால், மண் நெடுநாளாக ஈரமாகவே இருக்கிறது என்று பொருள்.

எல்லாவற்றிலும் நம்பகமான சோதனை அடித்தண்டுதான். மண்மட்டத்தில் தண்டைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்து மெல்ல அழுத்துங்கள். வயதான ஜேட்டின் அடித்தண்டு பழுப்பாக, மரப்பட்டைபோல இருப்பது இயல்பு. நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். விரலுக்குக் கல்லுப்போல இருந்தால் தண்டு நலம், பிரச்சினை இருந்தால் அது வேரோடு நிற்கிறது. கனிந்த வாழைப்பழம்போல அமுங்கினால் அழுகல் மேலே ஏறிவிட்டது.

சந்தேகம் தீரவில்லையா? செடியை வெளியே எடுத்துப் பாருங்கள். காய்ந்த வேரை எடுத்துப் பார்ப்பதால் ஜேட் சாகாது. அழுகலைப் பார்க்காமல் விட்டால் சாகும்.

எடுத்து வைக்க வேண்டியவை

கூரான பிளேட் அல்லது சிறிய கத்தி, மருந்துக்கடையில் விற்கும் 70 வீத ரபிங் அல்கஹோல், பழைய பேப்பர், பேப்பர் துவாய், அடியில் ஓட்டையுள்ள சுட்ட மண்சாடி, கள்ளிச்செடி மண், மண்ணில் காற்றிடைவெளி விடுவதற்குப் பேர்லைட் (இலேசான வெள்ளைத் துகள்) அல்லது பியூமிஸ் (நுரைக்கல்), ஒரு மூங்கில் ஈர்க்கு. வேர் ஊக்கி மருந்து தேவையில்லை. ஜேட் தானாகவே வேர்விடும்.

முதலில் இரண்டு கிளையைக் காப்பாற்றி வையுங்கள்

வேரைத் தொடுவதற்கு முன், செடியின் மேற்பகுதியில் நலமாக உள்ள இரண்டு கிளைகளை 8 முதல் 10 சென்ரிமீற்றர் நீளத்தில் வெட்டி, பேப்பரில் தனியாக வைத்துவிடுங்கள். அடிச்செடி பிழைத்தால் நல்லது. பிழைக்காவிட்டாலும் அதே செடி இந்தக் கிளைகளில் தொடரும். முதல்முறை நான் இதைச் செய்யாமல் விட்டுவிட்டேன். கடைசியில் அழுகல் ஏறிய தண்டில் நல்ல துண்டைத் தேடவேண்டி வந்தது.

வெளியே எடுத்து வேரைப் பார்த்தல்

பேப்பரை விரித்துச் சாடியைச் சரித்து, சுற்றிவரத் தட்டுங்கள். தண்டைப் பிடித்து இழுக்க வேண்டாம். அழுகியிருந்தால் தண்டு கையோடு வந்துவிடும். பிளாஸ்ரிக் சாடியென்றால் பக்கங்களை அமத்திவிட்டால் மண் கழன்று வரும். ஈரமண் முழுவதையும் விரலால் உதிர்த்துவிடுங்கள். கழுவத் தேவையில்லை, இருக்கிற ஈரமே போதும்.

கடையில் வாங்கிய நாளிலிருந்து சாடி மாற்றாத செடியென்றால் நடுவில் கைப்பிடியளவு கறுப்புக் கட்டி ஒன்று இருக்கலாம். அது பீற் பாசி, ஈரத்தை நெடுநாள் பிடித்து வைக்கும் சதுப்புநிலப் பாசி. மேல்மண் காய்ந்து வெளுத்திருக்கும்போதும் அந்தக் கட்டி பிழிந்தால் தண்ணீர் வரும் அளவுக்கு ஈரமாக இருக்கும். அதையும் முழுதாக எடுத்துவிடுங்கள்.

இப்போது வேர். நல்ல வேர் வெள்ளையாகவோ இளம் பழுப்பாகவோ, நெளித்தால் மீளும் உறுதியோடு இருக்கும். சந்தேகமான வேரொன்றை இரண்டு விரலால் பிடித்து, நுனியை நோக்கி மெல்ல உருவுங்கள். அழுகியதென்றால் வெளித்தோல் ஈரமான காலுறை கழல்வதுபோல வழுக்கி வந்துவிடும், உள்ளே நூல்போல ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். ஒருதடவை இதைக் கண்டவர்களுக்குப் பிறகு எது நல்ல வேர், எது கெட்டது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெட்டு

பிளேட்டை அல்கஹோலால் துடைத்துக் காயவிட்டு வெட்டத் தொடங்குங்கள். வழுக்கும் வேர், கறுத்த வேர், வெறும் நூலாக நிற்கும் வேர் எல்லாவற்றையும் நல்ல பகுதி தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, நல்ல வேருக்குள்ளேயே வெட்டுங்கள். அழுகலை வெட்டிய பிளேட்டைத் துடைக்காமல் நல்ல வேரில் வைக்காதீர்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் துடைப்பது அலுப்பான வேலைதான். அழுகலை நாமே ஊசிபோட்டு ஏற்றாமலிருக்க வேறு வழியில்லை.

வேரில் பாதிக்கு மேல் மிஞ்சினால் செடி சுலபமாகத் தேறும். கால்வாசி மிஞ்சினாலும் ஜேட் தாங்கும். தண்டுக்குள் அழுகல் புகுந்திருந்தால் அடியிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் ஒரு சென்ரிமீற்றராகக் குறுக்கே வெட்டி, ஒவ்வொரு முறையும் வெட்டுமுகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். சுத்தமான தண்டின் வெட்டுமுகம் முழுக்க வெளிர்பச்சையாக, ஈரப்பசையோடு இருக்கும். நடுவே மெல்லிய வளையம் தெரிவது இயல்பு. அது வெள்ளையாகவோ பச்சையாகவோ இருக்க வேண்டும். வளையத்தில் ஒரு பழுப்புப் புள்ளி தெரிந்தாலும் இன்னும் மேலே போக வேண்டும். ஆசையாக வளர்த்த தண்டு என்று இந்த இடத்தில் கை தயங்கும். ஒரு புள்ளியை விட்டுவைத்த இரண்டு செடிகளும் எனக்குப் பத்தே நாளில் திரும்ப அழுகின.

வெட்டுவாயில் கறுவாத்தூள் பூசலாமா என்று பலர் கேட்பார்கள். கறுவாவுக்குப் பூஞ்சையை அடக்கும் குணம் உண்டு, தண்டின் வெட்டுமுகத்தில் ஒரு சிட்டிகை தொட்டால் தவறில்லை. மிஞ்சிய நல்ல வேர்களின் மேல் தூவாதீர்கள், அது அவற்றையும் உலர்த்திவிடும். நான் இப்போது எதுவும் பூசுவதில்லை. காற்றில் நன்றாகக் காய்ந்தாலே வெட்டுவாய் மூடிக்கொள்கிறது.

வெட்டி எறியும் துண்டுகளில் கவனம் வேண்டும். ஜேட், பூனைக்கும் நாய்க்கும் நஞ்சு. வீட்டில் அவை இருந்தால் உதிர்ந்த இலைகளை உடனே கூட்டி அள்ளுங்கள்.

காயவிடுதல்

செடியை வேரோடு அப்படியே பேப்பரின் மேல், நேர்வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் படுக்க வையுங்கள். வேரை மட்டும் வெட்டியிருந்தால் 3 முதல் 5 நாள். தண்டை வெட்டியிருந்தால் ஒரு கிழமை. தண்டு பெருவிரல் பருமனென்றால் பத்து நாள்வரை போகலாம். வெட்டுமுகம் உட்சுருங்கி, விரலால் தடவினால் காய்ந்த தோல்போல வறட்டென்று இருக்க வேண்டும். பிசுபிசுத்தால் இன்னும் ஆகவில்லை.

எங்கள் வீட்டில் மூன்றாம் நாளே அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை.

“அம்மா, நான் சொல்லுமட்டும் இதுக்குத் தண்ணி விடாதேங்கோ.”

“காய்ஞ்சு போயிடும் பிள்ளை. பாக்கவே பாவமாக் கிடக்கு.”

“இதுக்கு இப்ப வேரே இல்லையம்மா. எதால குடிக்கிறது?”

அந்த நாட்களில் இலை இன்னும் சுருங்கத்தான் செய்யும். அடி இலைகள் சில காய்ந்து உதிரும். செடி தன் தொட்டியிலிருந்து எடுத்துச் செலவழிக்கிறது, அவ்வளவுதான். பல வாரங்களுக்குப் போதுமான தண்ணீர் அந்த இலைகளில் இருக்கிறது.

சாடியும் மண்ணும்

சாடி சிறிதாக இருக்கட்டும். மிஞ்சிய வேரைச் சுற்றி 2 அல்லது 3 சென்ரிமீற்றர் இடம் இருந்தால் போதும். பெரிய சாடியில் வேர் எட்டாத மண்ணெல்லாம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மெருகு பூசாத சுட்ட மண்சாடியின் சுவராலும் ஈரம் வெளியேறும் என்பதால் எனக்கு அதுதான் விருப்பம். பழைய சாடியைத் திரும்பப் பாவிப்பதென்றால் ஒரு பங்கு பிளீச், ஒன்பது பங்கு தண்ணீர்க் கலவையில் 10 நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசிக் காயவிடுங்கள். பிளீச்சோடு வினாகிரியோ அல்கஹோலோ வேறு துப்புரவு மருந்தோ சேரவே கூடாது. பழைய மண்ணை எறிந்துவிடுங்கள், வேறு சாடிக்குள் போட வேண்டாம்.

மண்ணுக்கு ஒரு பங்கு கள்ளிச்செடி மண், ஒரு பங்கு பேர்லைட் அல்லது பியூமிஸ். கடையில் கள்ளிச்செடிக்கு என்று விற்கும் பைகளில் பலதிலும் பீற் பாசிதான் பெரும்பகுதி. அதை அப்படியே பாவித்தால் பனிக்காலத்துக்கு ஈரம் அதிகம். பேர்லைட்டை அள்ளும்போது தூசி பறக்கும், முதலில் சிறிது தண்ணீர் தெளித்துக்கொண்டால் மூக்குக்குள் போகாது. தெளித்ததைக் காயவிட்ட பிறகே கலவுங்கள். விளையாட்டு மணல்போன்ற நுண்மணல் வேண்டாம், அது இடைவெளிகளை அடைத்துவிடும்.

அடியில் கல் போட்டால் தண்ணீர் வடியும் என்று ஊரிலும் சொல்வார்கள், இங்கும் சொல்வார்கள். நானும் பல வருடம் போட்டேன். நுண்ணிய மண்ணிலிருந்து தண்ணீர் கல்லின் இடைவெளிக்குள் சும்மா இறங்காது. மேலே உள்ள மண் ஊறி நிறைந்த பிறகுதான் இறங்கும். ஆகவே கல்லின் மேல் எப்போதும் ஒரு ஈரப்படை நிற்கும், கல்லின் உயரத்துக்கு அது வேருக்குக் கிட்ட வந்துவிடும். ஓட்டைக்கு மேல் ஒரு துண்டு வலை போதும், மண் கொட்டாமலிருக்க.

நடுதலும் முதல் தண்ணீரும்

காய்ந்த மண்ணில் நடுங்கள். தண்டை ஆழப் புதைக்க வேண்டாம், வேர் மூடுமளவு போதும். வேர் குறைந்த ஜேட் தலைப்பாரத்தால் சாயும். பக்கத்தில் ஒரு குச்சி ஊன்றித் துணிக்கீற்றால் தளரக் கட்டுங்கள். செடி ஆடினால் புதிதாக வரும் வேர்முனை அறுந்துபோகும்.

நட்ட அன்று தண்ணீர் இல்லை. வேர் மிஞ்சிய செடிக்கு ஒரு கிழமை கழித்து, ஓட்டையால் வடியுமட்டும் ஒருமுறை ஊற்றி, தட்டில் நின்றதைக் கொட்டிவிடுங்கள். அடுத்தது மண் முழுதாகக் காய்ந்த பிறகு. வேரே இல்லாமல் வெறும் தண்டாக நட்டதற்கு 3 கிழமையளவில் மெல்ல இழுத்துப் பாருங்கள். மண் பிடித்து இழுப்பதுபோல இருந்தால் வேர் வந்துவிட்டது, அப்போது முதல் தண்ணீர். இலகுவாகக் கழன்று வந்தால் வெட்டுவாயைப் பார்த்து, சுத்தமாக இருந்தால் திரும்ப வைத்துவிட்டு இன்னும் 2 கிழமை பொறுங்கள். முதலில் எடுத்துவைத்த கிளைகளுக்கும் இதே முறைதான். உதிர்ந்த நல்ல இலைகளையும் எறிய வேண்டாம். அடிமுனை முழுதாக இருந்தால் காய்ந்த மண்ணின்மேல் சும்மா வையுங்கள். வேரும், பிறகு நகத்தளவு குட்டிச்செடியும் வரும். அதற்கு மாதக்கணக்கு எடுக்கும்.

இந்தக் காலத்தில் வெளிச்சம் நன்றாக இருக்கட்டும், நேர்வெயில் வேண்டாம். யன்னல் விளிம்பு இரவில் குளிர்ந்துபோகும், சாடியின் கீழே ஒரு பலகைத்துண்டு வையுங்கள். சூடாக்கியின் காற்று நேராக அடிக்கும் இடமும் ஆகாது. பசளை, புதுத்தளிர் கண்ட பிறகு, பொதியில் சொன்னதில் பாதி அளவு. நுனியில் பளபளவென்று சின்ன இலைச்சோடி விரியும்போது பழைய இலைகளின் சுருக்கமும் எடுபட்டிருக்கும்.

எச்செவேரியா, ஹாவோர்தியா, கற்றாழை போன்ற தடித்த இலைச் செடிகள் எல்லாவற்றுக்கும் இதே வழிதான். எச்செவேரியாவின் தண்டு குட்டை என்பதால் அழுகல் பூப்போல விரிந்த இலையடுக்கின் நடுவுக்குப் போக அதிக நாள் எடுக்காது. அதைக் கண்ட அன்றே வெட்டுங்கள்.

வெளியே வைப்பதும் அடுத்த பனிக்காலமும்

மே மாதத்தில் ஒரு சூடான நாளைக் கண்டதும் பல்கனியில் வைக்க ஆசை வரும். ரொறன்ரோவில் மே மாதத்திலும் உறைபனி விழலாம். இரவு வெப்பநிலை தொடர்ந்து 10 பாகைக்கு மேல் நிற்கும்வரை பொறுங்கள். பிறகு முதல் கிழமை நிழல், அடுத்த கிழமை காலை வெயில் மட்டும். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இலை நேர்வெயிலில் வெந்து பழுப்புத் தழும்பாகும், அந்தத் தழும்பு மாறாது. வெளியே வைக்கும்போது அடித்தட்டை எடுத்துவிடுங்கள், மழைத்தண்ணீர் அதில் தேங்கும்.

செப்ரெம்பரில் இரவு திரும்ப 10 பாகையை நெருங்கும்போது உள்ளே எடுத்து, தெற்குப் பார்த்த யன்னலில் வையுங்கள். ஓட்டையில்லாத அலங்காரச் சாடிக்குள் இறக்கி வைக்கும் வழக்கமிருந்தால், ஊற்றிய பிறகு தூக்கிப் பார்த்து உள்ளே நிற்கும் தண்ணீரைக் கொட்டுங்கள். நவம்பரிலிருந்து கலண்டர் பார்த்து ஊற்ற வேண்டாம். மூங்கில் ஈர்க்கை ஓரமாகச் சாடியின் அடிவரை குத்தி, 10 நிமிடம் விட்டு எடுங்கள். மண் ஒட்டியோ நிறம் கறுத்தோ வந்தால் ஊற்றக்கூடாது. சுத்தமாக வந்தாலும் இலையைக் கிள்ளிப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் இன்னும் ஒரு கிழமை விடலாம். எங்கள் வீட்டில் இது பெரும்பாலும் 4 கிழமைக்கு ஒருமுறை என்று வருகிறது. ஜனவரியில் 6 கிழமைகூடப் போனதுண்டு.

சரிந்துபோன அந்தச் செடியில் மூன்று கிளைகளைத்தான் எடுக்க முடிந்தது. இரண்டு பிடித்தன. ஒன்று மொன்றியலில் அக்கா வீட்டில் நிற்கிறது. மற்றதன் சாடியில் அந்த மூங்கில் ஈர்க்கு இப்போதும் குத்தியபடி இருக்கிறது. கறிவேப்பிலைக்கு ஊற்ற வரும் அம்மா, அதை உருவிப் பார்த்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் திரும்புவா.